ராஜா பெயர் சுமந்த வண்டு

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் எனக்குப் பழக்கமான நகைக்கடைக்குப் பழைய காசுமாலை ஒன்று எடை போட வந்திருந்தது. கோட்டைக்குள் குடியிருக்கும் ஒரு பாட்டியுடையது. நெருக்கமாகக் கோத்த காசுகள். ஒவ்வொன்றிலும் விக்டோரியா மகாராணியின் தலை. "இதெல்லாம் ராணி காலத்துக் காசுதானா அண்ணாச்சி?" என்று கேட்டேன். கடைக்காரர் பூதக்கண்ணாடியைத் தொடக்கூட இல்லை. "தலை ராணி தலைதான். காசு நம்ம பக்கத்துல அடிச்சது. எங்கப்பா காலத்துல இந்த அச்சு நாலஞ்சு பட்டறையில கெடந்துச்சு" என்றார்.

விக்டோரியா இறந்தது 1901இல். அவர் தலை பொறித்த இங்கிலாந்துப் பவுன் ஏறக்குறைய 8 கிராம். ராணி போனார், வெள்ளைக்காரர்கள் போனார்கள், பவுன் மட்டும் தங்கத்தின் அளவையாக நம் வாயில் தங்கிவிட்டது. மலையாளிகள் இன்றும் 'பவன்' கணக்கில்தான் கல்யாணத்துக்கு நகை பேசுகிறார்கள். அந்தத் தலையை அச்சில் எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டவர்களுக்கு ராணியிடம் பக்தி ஒன்றும் கிடையாது. ராணி தலை என்றால் நல்ல தங்கம் என்றொரு நம்பிக்கை, கழுத்தில் கிடந்தால் லட்சுமி கிடப்பது போல என்றொரு நிறைவு, அவ்வளவுதான்.

மூவாயிரம் ஆண்டு கழித்து யாரோ இந்த ஊரைத் தோண்டி, அந்த மாலையை எடுத்து, 'விக்டோரியா காலம், 1837–1901' என்று சீட்டு எழுதி ஒட்டினால் எப்படியிருக்கும்? எகிப்திய ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட சீட்டுகளை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பது வண்டு.

ஸ்கராப் என்று உலகம் சொல்லும் அந்தப் பொருளைத் தமிழில் வண்டுத் தாயத்து எனலாம். பெரும்பாலும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளம், புளியங்கொட்டை அளவு. மேல்பக்கம் சாணம் உருட்டும் வண்டின் முதுகு. கீழ்ப்பக்கம் தட்டை, அதில் எழுத்தோ சித்திரமோ செதுக்கியிருக்கும். தலையிலிருந்து வால் வரை நீளவாக்கில் ஒரு துளை. நூலில் கோத்துக் கட்டிக்கொள்ளலாம், மோதிரத்தில் சுழலும்படி பதிக்கலாம், களிமண்ணில் அழுத்தினால் முத்திரை. கி.மு. 2000ஐ ஒட்டிய காலம் தொட்டு ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கும் மேலாக எகிப்து இதைச் செய்து குவித்தது. நம் குழந்தைகளுக்கு அந்தக் காலத்தில் ஐம்படைத்தாலி கட்டியது போல அங்கே வண்டு.

இவற்றில் பலவற்றின் வயிற்றில் ராஜா பெயர் இருக்கிறது. ராஜா பெயர் இருந்தால் காலம் தெரிந்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். அகழாய்வாளர் பிளிண்டர்ஸ் பெட்ரி அப்படித் தொடங்கியவர்தான். 1889இல் மன்னர் பெயருள்ள வண்டுகளை மட்டும் வரிசைப்படுத்தி ஒரு நூல் போட்டார்; 1917இல் இன்னொன்று. சிக்கல் எங்கே இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள எகிப்துக்குப் போகவேண்டியதில்லை. திருவனந்தபுரமே போதும்.

திருவிதாங்கூர் நாணயங்களில் 'ஆர், வி' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைப் பின்னிப் போட்ட முத்திரை உண்டு. ராமவர்மா என்பதன் சுருக்கம். எந்த ராமவர்மா? 1829 முதல் 1924 வரை ஆண்ட ஐந்து மன்னர்களில் நான்கு பேர் ராமவர்மாக்கள். நடுவில் ஒருவர் மட்டும் மார்த்தாண்டவர்மா. அதனால்தான் ஊரில் யாரும் ராமவர்மா என்று சொல்வதில்லை. சுவாதித் திருநாள், ஆயில்யம் திருநாள், விசாகம் திருநாள், மூலம் திருநாள் என்று பிறந்த நட்சத்திரத்தைச் சொல்வார்கள். பெயர் வம்சத்துக்கு, நட்சத்திரம் ஆளுக்கு. நாணயத்தில் நட்சத்திரம் இல்லை; மற்ற அடையாளங்களை வைத்து அது மூலம் திருநாளுடையது என்று நாணயவியலார் சொல்லவேண்டியிருக்கிறது.

எகிப்திலும் துத்மோஸ் என்று நால்வர், அமென்ஹோடெப் என்று நால்வர், ராம்சேஸ் என்று பதினொருவர். அங்கே நட்சத்திரத்தின் வேலையைச் செய்தது அரியணைப் பெயர். முடிசூடும்போது ஒவ்வொரு மன்னரும் சூரியக் கடவுள் ரேயின் பெயர் சேர்த்துப் புதிதாக ஒன்று வைத்துக்கொள்வார். வண்டுகளில் பெரும்பாலும் இருப்பது இந்தப் பெயர்தான். மூன்றாம் துத்மோஸின் அரியணைப் பெயர் மென்கெபர்ரே. எழுதுவது எளிது: மேலே சூரிய வட்டம், அது 'ரே', நடுவில் காய்கள் வைத்த ஆட்டப்பலகை, அது 'மென்', நிலைத்திருத்தல், கீழே ஒரு வண்டு, அது 'கெபர்', உருவாகி வருதல். ரேயின் வடிவம் நிலைத்தது என்கிற மாதிரிப் பொருள். அவருடைய பேரன் நான்காம் துத்மோஸ் மென்கெபெருரே. பேரன் பெயரில் வண்டுக்குக் கீழே பன்மையைக் காட்டும் மூன்று சிறு கோடுகள் கூடுதல். வேறு வித்தியாசம் கிடையாது. புளியங்கொட்டை அளவுக் கல்லில் மூன்று கோடு தேய்ந்துபோனால் பேரன் தாத்தாவாகிவிடுவார்.

இது சின்னச் சிக்கல். பெரிய சிக்கல் தாத்தாவே. மூன்றாம் துத்மோஸ் கி.மு. 1479 முதல் 1425 வரை அரியணையில் இருந்தவர். சிரியா வரை படை நடத்தியவர். மன்னர் பெயர் வண்டுகளில் மென்கெபர்ரே வண்டுகளைப் போல வேறெதுவும் இத்தனை கிடைப்பதில்லை. ஐம்பத்து நான்கு ஆண்டு ஆண்டவருக்கு அது பொருத்தம்தானே என்று விட்டுவிடலாம், கார்த்தேஜ் கல்லறைகள் மட்டும் இல்லாவிட்டால். வட ஆப்பிரிக்கக் கரையில் பொனீசியர்கள் அமைத்த அந்த நகரத்தின் சவக்குழிகளில் மென்கெபர்ரே வண்டுகள் கிடைத்திருக்கின்றன. துத்மோஸ் வாழ்ந்தபோது கார்த்தேஜ் என்றொரு ஊரே கிடையாது. அது எழுந்தது அவர் இறந்து ஐந்நூறு ஆண்டுக்கும் மேல் கழித்து. இதற்கிடையில் எகிப்தின் தீப்ஸ் நகரத்தில் ஒரு தலைமைப் பூசாரிக்கு மென்கெபர்ரே என்றே பெயர். அவரும் மன்னரைப் போலப் பெயரைக் கயிற்று வளையத்துக்குள் போட்டுக்கொண்டவர்.

செத்த மன்னர் பெயரில் பொருள் வெளிவருவது தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி அடித்த ஆற்காடு ரூபாயில் மொகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீரின் பெயரும் ஹிஜ்ரி 1172 என்ற ஆண்டும் இருக்கும். ஆலம்கீர் 1759இல் கொலையுண்டார். அவர் பெயரும் அதே ஆண்டும் உள்ள ரூபாயைக் கம்பெனி 1835 வரை அடித்துக்கொண்டிருந்தது. மக்கள் பழகிய முகப்பை மாற்றினால் வட்டம், அதாவது தள்ளுபடி, கேட்பான் காசு மாற்றும் சராப். அதனால் ஆண்டு உறைந்தே இருந்தது.

துத்மோஸ் பெயர் பிழைத்ததற்கு நாணயக் காரணம் பொருந்தாது. எகிப்தில் அப்போது நாணயம் இல்லை. பெயரே காப்பு என்ற நம்பிக்கைதான் காரணம். வென்ற மன்னன், தெய்வமாகிவிட்டவன், அவன் பெயரைக் கட்டிக்கொண்டால் கெட்டது அண்டாது. இதில் இன்னொரு நுட்பமும் இருக்கலாம் என்று பிரெஞ்சு ஆய்வாளர் எத்தியென் திரியோத்தோன் சொன்னார். அந்த மூன்று குறிகளையும் புதிர் எழுத்தாகப் படித்தால் அமுன் கடவுளின் பெயர் வரும் என்பது அவர் வாதம். ராஜா பெயரைப் போட்டு சாமி பெயரைச் சொல்வது. எல்லாரும் இதை ஒப்புக்கொள்வதில்லை; அவர் கண்டுபிடித்த புதிர்களில் சில அவரே போட்டுக்கொண்டவை என்று கேலி செய்பவர்களும் உண்டு. எனக்கு அந்த வாசிப்பு பிடித்திருக்கிறது. பத்மநாபதாசன் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட அரசகுலத்தின் சங்கு முத்திரைக் காசை நாட்டுக்கே புழக்கத்தில் விட்ட ஊரில் இருந்துகொண்டு, ராஜா எங்கே முடிகிறார், சாமி எங்கே தொடங்குகிறது என்று கறாராகக் கேட்கத் தோன்றுவதில்லை.

அப்படியானால் ஒரு வண்டின் வயதை எப்படித்தான் சொல்வது? பெயர் ஒரு எல்லையை மட்டும் தரும்: இந்த மன்னருக்கு முன் இது செய்யப்பட்டிருக்க முடியாது. எவ்வளவு பின் என்பதற்குப் பெயரைவிட்டு முதுகைப் பார்க்கவேண்டும். பாலஸ்தீனத்து லாகீஷ் அகழாய்வில் பல ஆண்டு உழைத்த ஓல்கா டஃப்னல் கடைசிக் காலத்தில் அதைத்தான் செய்தார். தலை எப்படி வெட்டப்பட்டிருக்கிறது, இறகுறையைப் பிரிக்கும் கோடு ஒன்றா இரண்டா, பக்கவாட்டில் கால்கள் தெளிவாக இருக்கின்றனவா அல்லது வெறும் பள்ளமா என்று ஆயிரக்கணக்கான வண்டுகளைப் பகுத்தார். 1984இல் நூலாக வந்தது. செதுக்குபவன் வயிற்றில் பழைய மன்னரின் பெயரைப் பார்த்து எழுதுவான். காலைச் செதுக்கும்போது அவனுடைய கை தன் பட்டறையின் பழக்கப்படிதான் ஓடும். கையெழுத்துப் போல அது பிடிபட்டுவிடும். சாலைக் கடைக்காரர் பூதக்கண்ணாடி இல்லாமலே கண்டுபிடித்ததும் இதே வழியில்தான். காசின் விளிம்பு, வளையம் பற்றவைத்த விதம், தலைமுடியில் கோடு மழுங்கிய இடம் என்று பிறகு எனக்குக் காட்டினார்.

அடுத்த சாட்சி பொருள். பெரும்பாலான வண்டுகள் மாக்கல்லில் செய்தவை. வத்தக்குழம்பு வைக்கும் கல்சட்டி இருக்கிறதே, அந்தக் கல்தான். நகத்தால் கீறினால் கோடு விழும். மோஸ் கடினத்தன்மை அளவில் அதன் தாதுவான டால்க் 1, அதாவது அடிமட்டம். செதுக்குவதற்குச் சுகம், ஆனால் முத்திரையாகப் பலமுறை அழுத்தினால் எழுத்து மழுங்கிவிடும். எகிப்தியத் தொழிலாளி இதற்கு ஒரு வழி வைத்திருந்தான். செதுக்கி முடித்தபின் காரப்பொருளும் செம்புத்தாதும் கலந்த மெருகைப் பூசிச் சூளையில் வைப்பான். வெப்பம் 800, 900 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது டால்க்கின் படிகத்துக்குள் கட்டுண்டிருக்கும் நீர் வெளியேறும். மிஞ்சுவது என்ஸ்டடைட் என்ற வேறு தாது. கடினத்தன்மை 5க்கு மேல். கத்தியால் கீறினாலும் லேசில் கோடு விழாது. மேலே நீலப்பச்சைக் கண்ணாடிப் பூச்சு. அடுப்பில் வருடக்கணக்காகக் கிடக்கும் கல்சட்டிக்கு இந்த மாற்றம் நேர்வதில்லை. வீட்டு அடுப்பில் குழம்பு கொதிக்கும் சட்டி அந்தச் சூட்டை எட்டாது. சிந்துவெளி மக்கள் தங்கள் முத்திரைகளுக்கும் இதே கல்லை எடுத்து இதே போலச் சுட்டார்கள் என்பதை இங்கே சொல்லாமல் போகமுடியவில்லை. இன்று அருங்காட்சியகங்களில் பல வண்டுகள் பழுப்பாக, எலும்பு நிறத்தில் இருப்பதற்குக் காரணம், மூவாயிரம் ஆண்டு ஈரத்தில் அந்தப் பூச்சு அரித்துப் போனதுதான்.

மலிவு வண்டுகள் ஃபயன்ஸ் என்ற கலவையால் ஆனவை. படிகக்கல் பொடி, கொஞ்சம் சுண்ணாம்பு, உவர் உப்பு, செம்பு. பிசைந்து அச்சில் அழுத்திக் காயவைத்தால் உப்பு நீரோடு மேலே ஏறிப் பரப்பில் வெள்ளையாகப் பூக்கும். சூளையில் அந்தப் பூப்பே உருகிக் கண்ணாடியாகிவிடும், தனியாகப் பூசவேண்டாம். இடவப்பாதி மழை முடிந்ததும் திருவனந்தபுரத்துப் பழைய வீடுகளின் சுவரடியில் உப்புப் பூக்கிறதே, அதே இயக்கம். நமக்கு அது சுண்ணாம்பு பெயரும் தொல்லை. எகிப்தியன் அதை வைத்துக் கடை நடத்தினான். பெட்ரி 1884–85இல் நைல் கழிமுகத்து நாக்ரடிஸ் ஊரைத் தோண்டியபோது இப்படிப்பட்ட வண்டுப் பட்டறை ஒன்றே அகப்பட்டது. சுட்ட மண் அச்சுகள் நூற்றுக்கணக்கில். அது கிரேக்க வணிகர்கள் குடியேறிய ஊர், கி.மு. 6ஆம் நூற்றாண்டு. எகிப்திய எழுத்து படிக்கத் தெரியாத கைகள் எழுத்தைப் படமாக நினைத்து வரைந்த பிழைகள் அங்கத்திய வண்டுகளில் தாராளம். வாங்கியவர்களுக்கும் படிக்கத் தெரியாது. தாயத்துத் தகட்டில் இருக்கும் சக்கரத்தை நம்மில் யார் படித்துப் பார்த்தோம்?

மூன்றாவது சாட்சி, கிடைத்த இடம். இதில்தான் சந்தையில் வாங்கிய வண்டு ஊமையாகிவிடுகிறது. 19ஆம் நூற்றாண்டில் லக்சரில் வெள்ளைக்காரப் பயணிகளுக்கு விற்கப் போலி வண்டு செய்வது நல்ல தொழில். புதுக் கல்லுக்குப் பழைய மெருகு வர வான்கோழிக்கு விழுங்கக் கொடுப்பார்கள் என்று ஒரு கதைகூட உண்டு. மண்ணுக்குள் அடுக்கோடு கிடைத்தால் சங்கதி வேறு. மாயிப்ரே ஷேஷி என்றொரு மன்னர். நூபியா முதல் பாலஸ்தீனம் வரை அவர் பெயரில் முந்நூறுக்கும் மேற்பட்ட வண்டுகளும் முத்திரைப் பதிவுகளும் கிடைத்திருக்கின்றன. அவர் கட்டிய கோயில் ஒன்று, நட்ட கல் ஒன்று, எதுவும் இல்லை. அவர் எந்த வரிசையில் வருவார் என்பதே இன்னும் சண்டை. வண்டுகள் மட்டும் இல்லாவிட்டால் அப்படி ஒருவர் இருந்தார் என்றே தெரிந்திராது.

ராஜா உயிரோடு இருக்கும்போதே வண்டை அவர் எப்படிப் பயன்படுத்தினார் என்பதற்கு மூன்றாம் அமென்ஹோடெப்பைப் பார்க்கவேண்டும். அவருடைய வண்டுகள் உள்ளங்கையை நிறைக்கும் அளவு. வயிற்றில் பத்துப் பதினைந்து வரி. இருநூறுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன, ஐந்து வகைச் செய்தி. தீயேயைப் பட்டத்தரசியாகக் கொண்டது, ஆட்சியின் முதல் பத்தாண்டில் தம் அம்பாலேயே சிங்கங்களைக் கொன்றது, எண்ணிக்கை 102, காட்டெருது வேட்டை, மித்தானி இளவரசி கிலுகேபா 317 பெண்களோடு வந்திறங்கியது, தீயேக்காக 3,700 முழ நீளத்தில் ஏரி வெட்டியது. எகிப்திய அரச முழத்தில் அது ஏறத்தாழ 1.9 கிலோமீட்டர். அரசின் செய்தி மக்கள் தொடர்புத் துறை வெளியிடும் மலர் போல இவை நாடெங்கும், நாட்டுக்கு வெளியிலும் போயின. கிலுகேபா பிறந்த மித்தானி அரசு வேறொரு காரணத்துக்காக நமக்குத் தெரிந்தது: சில பத்தாண்டு கழித்து அந்நாட்டு மன்னர் செய்த உடன்படிக்கையில் இந்திரன், வருணன், மித்திரன் பெயர்கள் சாட்சியாக வருகின்றன.

இவ்வளவும் ஏன் ஒரு சாணி வண்டின் மேல்? நம் பக்கத்து மேய்ச்சல் தரைகளில் மழை விட்ட மறுநாள் குந்தி உட்கார்ந்தால் பதில் பாதி தெரியும். ஜிம்னோப்ளூரஸ், சிசிஃபஸ் என்ற இனங்கள் இங்கேயும் உருட்டுகின்றன. பெரும்பாலான சாணி வண்டுகள் உருட்டுவதே இல்லை. சாணிக்கு அடியிலேயே குடைந்து உள்ளே இழுத்துக்கொள்ளும். உருட்டுகிற சிலவற்றால்தான் மொத்தக் குலத்துக்கும் பேர். எகிப்தியக் கண்ணுக்கு, வானத்தில் சூரியனைத் தள்ளிப்போகும் கண்காணாத வண்டின் சிறிய நகல் அது. அந்தக் கடவுளுக்கு கெப்ரி என்று பெயர். உருண்டை மண்ணுக்குள் போகிறது, பிறகு அதிலிருந்து புது வண்டு தானாகக் கிளம்பி வருகிறது. உண்மையில் வழியில் பார்க்கும் உருண்டைகள் பெரும்பாலும் வண்டின் சொந்தச் சாப்பாடு. புனித ஸ்கராப் முட்டையிடுவது மண்ணுக்கு அடியில் தனியாகச் செய்யும் பேரிக்காய் வடிவ உருண்டையில் என்று 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சின் ழான் ஆன்றி ஃபாபர் காட்டினார்.

சூரியன் விஷயத்தில் எகிப்தியர்கள் வேறு வழியாகச் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறார்கள். சாணிக் குவியலில் திருட்டு அதிகம். உருண்டையைச் செய்தவன் அடுத்தவன் பிடுங்குமுன் நேர்கோட்டில் ஓடவேண்டும். வளைந்தால் திரும்பக் குவியலுக்கே வந்து சேருவான். தலைகீழாக, பின்னங்காலால் தள்ளிக்கொண்டு, போகும் திசையைப் பார்க்காமல் எப்படி நேராகப் போவது? வண்டு உருண்டை மேல் ஏறி ஒரு சுற்றுச் சுற்றி வானத்தைப் பார்த்துக்கொள்கிறது. பகலில் சூரியன் வழிகாட்டி. சூரியன் மறைந்தால் வானத்து ஒளியின் முனைவாக்கம். ஸ்வீடனின் மாரி டாக்கேயும் கூட்டாளிகளும் ஜோகன்னஸ்பர்க் கோளரங்கத்துக்குள் வண்டுகளை விட்டுப் பார்த்து, நிலவில்லா இரவில் அவை பால்வீதியின் ஒளிப்பட்டையைப் பிடித்துப் போகின்றன என்று 2013இல் அறிவித்தார்கள். சில வண்டுகளுக்கு அட்டைத் தொப்பி போட்டுக் கண்ணை மறைத்தார்கள். அவை திசை கெட்டு அலைந்தன.

கடைசியாக ஒரு வண்டு. துருக்கியின் தென்கரையில் உலுபுருன் முனைக்கு அருகே 1982இல் கடற்பஞ்சு எடுக்கும் முக்குளிப்பவர் ஒருவர் கண்ட கப்பல், கி.மு. 14ஆம் நூற்றாண்டின் கடைசியை ஒட்டி மூழ்கியது. பத்து டன் செம்பு, ஒரு டன் அளவுக்கு வெள்ளீயம். அதற்குள் எகிப்து அரசி நெபர்டிட்டியின் பெயர் பொறித்த சிறு தங்க வண்டு ஒன்று. நெபர்டிட்டி பெயரில் இதுவரை கிடைத்த தங்க வண்டு அது ஒன்றுதான். அரசியே கொடுத்தனுப்பியதா, யாரோ காப்பாகக் கழுத்தில் போட்டிருந்தார்களா என்று நிறைய எழுதினார்கள். கப்பலில் வெட்டி நசுக்கிய தங்க நகைத் துண்டுகளும் இருந்தன. அதனால் வண்டு ஏறியதும் பழந்தங்கமாகவே இருக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. பெயரைப் பார்க்காமல் எடையை மட்டும் பார்த்து.

சாலைக் கடையில் அந்தக் காசுமாலையை அழித்து வளையலாகச் செய்யச் சொல்லியிருந்தார்கள். கடைக்காரர் காசுகளைக் கழற்றித் தட்டில் போட்டுக்கொண்டே வந்தார். ஒன்றை மட்டும் தனியாக எடுத்து வைத்தார். "இது பேத்திக்கு. பாட்டி கழுத்துல கெடந்ததாச்சே, சங்கிலியில கோத்துக்கணுமாம்" என்றார். வாங்கிப் பார்த்தேன். ராணியின் மூக்கு தேய்ந்து போயிருந்தது.